பின்கட்டில் இடம் இருக்கிறது



காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு வீட்டைச் சில்லறையாக வாங்கலாம். ஒரு கடையில் நிலைக்கதவு இருக்கும், அடுத்த கடையில் தூண்கள். அதற்கடுத்த கடையில் பரணில் கிடந்த எனாமல் தூக்குச்சட்டி, ரசம் போன பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படத்தின் பழைய அச்சு, சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த ஜப்பான் பீங்கான் ஓடு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வியந்து படம் பிடித்துக்கொள்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு விஷயம் தெரியும். ஒரு லாரி நிறையத் தேக்கு வந்து இறங்கினால், பக்கத்து ஊர் ஏதோ ஒன்றில் ஒரு வீட்டுக்கு மேலே கூரை போய்விட்டது என்று அர்த்தம்.

இந்தச் செட்டிநாட்டு வீடுகள் ஒரே மூச்சில் எழுந்தவை அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கி 1940-கள் வரை, பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் ஊர் திரும்பும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியவை. 96 ஊர்கள் என்பது பழைய கணக்கு. இன்று எஞ்சியிருப்பவை எழுபத்துச் சொச்சம், சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில். தேக்கு ரங்கூனிலிருந்து கப்பலேறியது, பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தது. 1942-ல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்ததும் பணம் வந்த வழி அடைபட்டது. 1948-ல் சுதந்திர பர்மா நிலங்களை அரசுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்தபோது மிச்ச நம்பிக்கையும் போயிற்று. வருமானம் நின்றது, வீடுகள் நின்றுகொண்டே இருந்தன. இதில் மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போன தலைமுறையைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

வீடு ஏன் பிரிக்கப்படுகிறது என்று கேட்டால் உடனே வருகிற பதில், பராமரிக்கக் காசு இல்லை என்பது. அது பாதி உண்மைதான். மூன்று நான்கு தலைமுறையில் ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பங்காளிகள் ஆகிவிடுகிறார்கள். ஒருவர் காரைக்குடியில், ஒருவர் கோலாலம்பூரில், இன்னொருவர் நியூஜெர்சியில். ஓட்டுக்கூரை ஒழுகுகிறது என்று ஒருவர் சொன்னால், செலவை எந்தக் கணக்கில் பிரிப்பது என்பதில் ஒரு மழைக்காலம் போய்விடும். நிற்கிற வீட்டைப் பங்கு போட முடியாது. பிரித்த மரத்தைப் போடலாம். முனீஸ்வரன் கோவில் தெரு வியாபாரத்தின் அடிப்படை இந்த எளிய கணக்குதான்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை வெளியே சொல்லக் குடும்பங்கள் கூச்சப்படுகின்றன. பழைய வீட்டில் தங்க முடியவில்லை. இரவில் கழிப்பறைக்குப் போக இரண்டு கட்டுகளைத் தாண்டி நடக்க வேண்டும். மூட்டுவலிக்காரருக்கு உயரமான வாசற்படிகளே மலையேற்றம். திருமணத்துக்கு வந்த சிங்கப்பூர்ப் பேரப்பிள்ளைகள் முதல் இரவே ஹோட்டலில் அறை தேடுகிறார்கள். ஆகவே பாரம்பரியத்தைக் காக்க வேண்டும் என்று மேடையில் முழங்குகிறவர்கள் முதலில் கழிப்பறையைப் பற்றிப் பேச வேண்டும். வீட்டைத் தொடாதே என்று சொல்வது அதைக் காலி செய்யச் சொல்வதற்குச் சமம். எங்கே தொடலாம், எங்கே கூடாது என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

அதற்கு விடை அந்த வீட்டின் அமைப்பிலேயே இருக்கிறது.

முகப்பில் ஏறினால் திண்ணை, கணக்குப்பிள்ளை உட்காரும் இடம். நிலைக்கதவைத் தாண்டினால் பட்டாலை, அதற்கப்பால் வானம் பார்த்த வளவு. வளவைச் சுற்றிப் பத்தி, பத்தியை ஒட்டி வரிசையாக அறைகள். ஒரு மகனுக்குத் திருமணமானால் அவன் ஒரு புள்ளி. அவனுக்கு ஓர் அறை. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் அவன் குடும்பத்துக்குத் தனி உலை. வேறு வைத்தல் என்று அதற்கு ஒரு முறையே உண்டு. அறையில் படுப்பதைவிட, சாமி கும்பிடுவதும் சீர்ச்சாமான் பூட்டி வைப்பதும்தான் அதிகம். படுக்கை பத்தியிலும் மேல்மாடியிலும். வளவுக்குப் பின்னால் இரண்டாங்கட்டு, அதற்கும் பின்னால் அடுப்படி, கிணறு, கொல்லை. முன்வாசல் ஒரு தெருவில் என்றால் பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பில் நின்று பார்த்தால் கதவுகள் ஒரே கோட்டில் அடுக்கடுக்காகத் திறந்து, கடைசியில் பின்தெரு வெளிச்சம் ஒரு சதுரமாகத் தெரியும்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த வீடு எப்போதும் வளர்ந்துகொண்டே இருந்தது. முதலில் ஒரு வளவு, சில அறைகள். குடும்பம் பெருகப் பெருகப் பின்னால் கட்டுகள். செல்வம் பெருகியபோது முன்பக்கம் விருந்தினருக்கு ஹால், பக்கத்தில் பந்தி போடத் தனி இடம், சிலர் மேல்தளமும் எடுத்தார்கள். நாம் இன்று ‘அசல்’ என்று கும்பிடுகிற பல வீடுகள் மூன்று தலைமுறை ஒட்டுவேலைகள். அந்த ஒட்டு கண்ணை உறுத்தவில்லை என்றால் காரணம், எல்லாரும் ஒரே ஒழுங்குக்குக் கட்டுப்பட்டார்கள்: நடுக்கோடு மறைக்கப்படவில்லை, வளவுக்கு மேலே வானம் மூடப்படவில்லை.

இன்றைய விரிவாக்கமும் அந்தத் திசையிலேயே போகலாம். பின்கட்டில் இடம் இருக்கிறது. அடுப்படியும் கொல்லையும் பெரும்பாலான வீடுகளில் இப்போது பூட்டிக் கிடக்கின்றன, அல்லது ஏற்கெனவே பாதி சரிந்துவிட்டன. தண்ணீர்க் குழாய், கழிவுநீர், காஸ் அடுப்பு, குளிரூட்டிப் பெட்டி, வயதானவர்களுக்குப் படியில்லாத படுக்கையறை ஆகிய எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோனால், முன்னால் இருக்கும் பட்டாலையும் வளவும் தம் பாட்டுக்கு இருக்கும். ஈரமும் நெருப்பும் கடைசிக் கட்டில் இருக்க வேண்டும் என்று முன்னோர் வைத்த ஏற்பாட்டை மீறவேண்டிய அவசியமே இல்லை. புதுக் கட்டடத்தின் உயரம் பழைய ஓட்டுக்கூரையின் முகட்டைத் தாண்டக் கூடாது. காரை நிறுத்தப் பின்தெரு வாசல் போதும். அதற்காகத் திண்ணையை வெட்டுவது அநியாயம்.

நடப்பதோ பெரும்பாலும் தலைகீழ். முதலில் வளவுக்கு மேலே பிளாஸ்டிக் தகடு போடுகிறார்கள். மழை வராது, குரங்கு வராது என்று நினைப்பு. குரங்குக்கும் திருடனுக்கும் இரும்புக் கம்பி வலை போதும். பல வீடுகளில் அது நூறாண்டுக்கு முன்பே போடப்பட்டிருக்கிறது. தகடு போட்டால் சூடான காற்று மேலேறி வெளியே போகிற வழி அடைபடுகிறது, சித்திரை வெயிலில் வீடு வேகிறது, அப்புறம் ஏ.சி. தேவைப்படுகிறது. வளவில் விழும் மழைநீர் கால்வாய் வழியாக ஊரணிக்குப் போகும்படி ஊரையே திட்டமிட்டிருந்தார்கள். தகடு போட்டவர் வீட்டுத் தண்ணீர் அந்தக் கணக்கிலிருந்தும் விலகிவிடுகிறது.

அடுத்தது மொட்டைமாடி. பழைய தளம் மரத்தில் நிற்கிறது. தேக்கு உத்திரங்களுக்குக் குறுக்கே சட்டங்கள், அவற்றின் மேல் செங்குத்தாக அடுக்கிய சிறு செங்கல், சுண்ணாம்புக் கலவை, உடைந்த செங்கல் ஜல்லி, மேலே தட்டோடு. சென்னையிலும் புதுச்சேரியிலும் மெட்ராஸ் டெரஸ் என்பது இதுதான். தன் எடையையும் நடமாட்டத்தையும் அது நூறாண்டு சுமக்கும். ஆனால் அதன் மேல் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்தால், சின்னப் பரப்பளவில் ஒரு டன் உட்கார்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை எடுத்து நாலரை அங்குலக் கான்கிரீட் தளம் போட்டால் தளம் மட்டும் மூன்று டன்னைத் தாண்டும். சுவர் கணக்கு தனி. மாடியில் குளியலறை இதைவிட மோசம். ஒழுகுவது உடனே தெரியாது. பத்து வருடம் கழித்துச் சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திர முனை உளுத்து உட்காரும்போதுதான் தெரியும். பர்மாத் தேக்குக்குக்கூட, காற்றுப்படாத இடத்தில் தேங்கிய ஈரத்தைத் தாங்கும் வரம் கிடையாது.

முன்கட்டிலேயே ஒரு கழிப்பறை வேண்டும் என்று குடும்பம் பிடிவாதமாக இருந்தால் அதற்கும் வழி உண்டு. ஓர் அறைக்குள், பழைய சுவரைத் தொடாமல், உத்திரத்துக்குச் சில அடி கீழேயே முடிந்துவிடும் தனிப் பெட்டி போல அதைக் கட்டலாம். குழாய்கள் சுவரை வெட்டிப் புதையாமல் வெளியே தெரியும்படி ஓடட்டும். நாளை வேண்டாம் என்றால் பிரித்தெடுத்துவிடலாம், சுவரில் நான்கு ஆணித் துளைகள்தான் மிஞ்சும். பழைய வீட்டில் செய்கிற எந்த வேலைக்கும் கேட்க வேண்டிய கேள்வி இது: இதைத் திரும்ப எடுக்க முடியுமா?

இனி சுண்ணாம்புக்கு வருவோம். செட்டிநாட்டுச் சுவரில் கையை வைத்தால் பளிங்கைத் தொட்டது போலக் குளிரும், முகமும் மங்கலாகத் தெரியும். கிளிஞ்சல் சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, சலித்து, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டியும் சேர்த்து, பூச்சு மேல் பூச்சாக ஏற்றிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் மாவு இன்னும் நைசாகும். கடைசிப் பூச்சுக்கு வெண்ணெய் பதத்தில் அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேரும். ஈரம் முழுக்க இழுபடுவதற்கு முன் கொத்தனார் கரண்டியாலும் வழவழப்பான கல்லாலும் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நேரம் தப்பினால் மெருகு வராது. இந்த வேலையில் அவசரம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதால்தான், பழுது பார்க்க வருகிற ஒப்பந்தக்காரர் முதல் நாளே சிமென்ட் மூட்டையை இறக்குகிறார்.

அதுதான் ஆபத்து. பழைய சுவர் மூச்சு விடும். தரையிலிருந்து ஏறும் ஓதத்தைச் சுண்ணாம்பு உறிஞ்சி வெளியே ஆவியாக விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஓதம் வெளியேற வழி இல்லை. அது இன்னும் உயரம் ஏறும், கூடவே உப்பும் ஏறும். பூச்சுக்குப் பின்னால் உப்பு படிகமாகும்போது செங்கல் முகம் பொரிந்து உதிரும். இரண்டு மூன்று வருடத்தில் சிமென்ட் பாளம் பாளமாகக் கழன்று விழும், உள்ளே இருந்த பழைய செங்கல்லையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு. வீட்டுக்காரர் சொல்வார், ‘பழைய சுவர், பலமில்லை.’ அந்தச் சுவர் நூறு வருடம் பலமாகத்தான் இருந்தது.

தரைக்கு இவ்வளவு சிக்கல் இல்லை. ஆத்தங்குடிக் கல் இன்றும் அதே ஊரில், அதே முறையில் செய்யப்படுகிறது. கண்ணாடித் தட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவத் தகட்டு அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறச் சிமென்ட் குழம்பை ஊற்றி, அச்சை மெல்லத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, பிறகு கலவை போட்டு அழுத்துவார்கள். சூளை கிடையாது. காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறும். கண்ணாடியைப் பிரித்தால் அதன் வழவழப்பு கல்லில் ஒட்டிக்கொண்டு வரும். உடைந்த பத்துக் கல்லுக்காக முழுத் தரையையும் பெயர்த்துவிட்டு வெள்ளை டைல்ஸ் போடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது, அந்தப் பத்துக் கல் சில மைல் தொலைவில் கிடைக்கிறது என்பது மட்டும்தான்.

புதிதாகச் சேர்ப்பது பழையதைப் போலவே இருக்க வேண்டுமா, வேறாக இருக்க வேண்டுமா? 1964-ல் வெனிஸில் கூடிய கட்டடக் காப்பு வல்லுநர்கள் வகுத்த சாசனம் ஒரு நடுவழி சொன்னது: சேர்க்கும் பகுதி பழையதோடு இசைய வேண்டும், ஆனால் இது புதிது என்று அடையாளமும் தெரிய வேண்டும். செட்டிநாட்டில் இப்போது எழும்புகிற சில ‘பாரம்பரிய’ விடுதிகளைப் பார்த்தால் இதன் நியாயம் புரியும். விலைக்கு வாங்கிய தூண்கள், விலைக்கு வாங்கிய நிலைகள், நடுவே கான்கிரீட். பார்க்கிறவருக்கு எது தாத்தா, எது பேரன் என்று தெரியாது. இந்தப் போலிப் பழமைக்கான கிராக்கியே அசல் வீடுகளைப் பிரிக்கும் கடப்பாரைக்குக் கூலி கொடுக்கிறது.

நல்ல உதாரணம் வேண்டுமானால் கடல் கடந்து கொழும்புக்குப் போகலாம். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1950-களின் கடைசியில் பகத்தல சாலையை ஒட்டிய 33-ஆம் ஒழுங்கையில், வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளில் மூன்றாவதில் குடியேறினார். பிறகு நான்காவது கைக்கு வந்தது, அப்புறம் மற்ற இரண்டும். எல்லாவற்றையும் இடித்துப் பெரிய மாளிகை எழுப்ப அவரால் முடியும். அவர் முன்வீட்டை மட்டும் எடுத்துவிட்டு ஒரு கோபுரம் போல மாடி கட்டினார். மற்ற வீடுகளின் சுவர்களை அங்கங்கே திறந்து, ஒரு நீண்ட வெள்ளை நடைபாதையில் கோத்தார். இடைவெளிகளைச் சிறு சிறு முற்றங்களாக விட்டார். அந்த முற்றங்களில் ஒன்றில் நிற்கும் தூண்கள் செட்டிநாட்டிலிருந்து போனவை. பாவாவின் கைபட்டதால் அவை பிழைத்தன என்று மகிழலாம். அவை முதலில் நின்ற வீடு என்ன ஆயிற்று என்றும் கேட்கலாம்.

புதுச்சேரிக்கு வந்தால் வேறொரு பாடம். கால்வாய்க்கு மேற்கே தமிழர் பகுதியில் வைசியாள் வீதி. வீட்டுக்கு வீடு திண்ணை, அதற்கு முன் மரத்தூண்களில் நிற்கும் தாழ்வாரம். வழிப்போக்கர் வெயில் படாமல் அதன் கீழேயே நடக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஷியா அர்ப்ஸ் திட்டத்தின் உதவியோடு, இன்டாக் என்ற பாரம்பரியக் காப்பு அமைப்பும் புதுச்சேரி அரசும் 2000-களின் தொடக்கத்தில் அந்தத் தெருவின் முகப்புகளைச் சீர்செய்தன. அந்த வேலைக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியக் காப்பு விருது கிடைத்தது. ஒரு வீட்டைக் காப்பதைவிட ஒரு தெருவைக் காப்பது பலன் தரும் என்று அது காட்டியது. பக்கத்து வீடு நான்கு மாடி ஆகிவிட்டால் உங்கள் தாழ்வாரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பொம்மைதான். ஆனால் முகப்புக்குக் கிடைத்த பணமும் கவனமும் உள்ளே கிடைப்பது அரிது. தெருவில் நின்று படம் எடுப்பவருக்கு முகப்பு போதும், குடியிருப்பவருக்குப் போதாது.

அதே நகரத்தில் 1870-களில் எழுந்த மேரி கட்டடம், பிரெஞ்சுக் காலத்து நகராட்சி மாளிகை, பழுதுபார்க்கும் திட்டம் பேச்சிலேயே நடந்துகொண்டிருந்தபோது 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் மீண்டும் எழுப்பி 2021-ல் திறந்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது. எனினும் அரசுக் கட்டடத்துக்குத்தான் இரண்டாம் பிறவி கிடைக்கும். காரைக்குடியில் ஒரு குடும்பத்து வீடு சரிந்தால் யாரும் திரும்பக் கட்டித்தரப் போவதில்லை.

சட்டம் உதவுமா? செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. அது பெருமை; காவல் அல்ல. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறியது, நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. அதற்குள் எத்தனை லாரி முனீஸ்வரன் கோவில் தெருவில் இறங்கியிருக்கும் என்று ஊர்க்காரர்களைக் கேட்டுக்கொள்ளலாம். தவிரவும், தடை மட்டும் போட்டால் வீட்டுக்காரர் இடிக்க மாட்டார்; கதவைப் பூட்டிவிட்டு மழையை இடிக்கச் சொல்வார். வீட்டு வரியில் சலுகை, சுண்ணாம்பு வேலைக்குக் குறைந்த வட்டிக் கடன், பின்கட்டில் கட்டுவதற்கு எளிதான அனுமதி ஆகியவை தடையைவிட அதிகம் காப்பாற்றும்.

இதுவரை காப்பாற்றியது பெரும்பாலும் விருந்தினர்கள்தான். காரைக்குடியில் ஒரு குடும்பத்தின் பழைய பங்களா 1990-களின் இறுதியில் ‘தி பங்களா’ என்ற விடுதியானது. கானாடுகாத்தானில் மகளுக்காகத் தந்தை கட்டிய வீடு இன்று ‘விசாலம்’. கொத்தமங்கலத்தில் 1910-ல் கட்டிய சாரதா விலாஸை மிஷேல் ஆட்மெண்ட், பெர்னார்ட் டிராகன் என்ற இரு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் எடுத்துச் சீரமைத்து விடுதியாக நடத்தினார்கள். செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோ கவனத்துக்குக் கொண்டுபோனதிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில், கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் திட்ட வரைவுக்குள், பெயர்த்துக் கொண்டுவந்த செட்டிநாட்டு வீடு ஒன்று நிற்கிறது. அப்படிப் பெயர்த்தெடுப்பது கடைசி வழி. வேறு வழியே இல்லாதபோது செய்ய வேண்டியது.

ஆனால் எல்லா வீடும் விடுதியாக முடியாது. அத்தனை விருந்தினர்கள் உலகத்தில் இல்லை. மிச்சமுள்ள வீடுகள் குடும்பங்கள் கையில்தான் நிலைக்க வேண்டும். அதற்கு ஒரு பிடிமானம் இன்னும் அறுபடவில்லை: திருமணமும், அறுபதாம் கல்யாணம் போன்ற சாந்தியும், முன்னோருக்கான படைப்பும் பூர்வீக வீட்டில் நடக்க வேண்டும் என்ற வழக்கம். வருடம் முழுக்கப் பூட்டிய வீடு அந்த நான்கு நாளுக்குத் திறக்கிறது. அதற்காகவாவது எல்லாப் பங்காளிகளும் கூடுகிறார்கள். கூடுகிற அன்றே மூன்று காரியங்களை முடித்துவிட்டால் பாதி சண்டை தீரும். ஒன்று, வீட்டுக்கென ஒரு பொதுக் கணக்கு, புள்ளிக்கு இவ்வளவு என்று. கோவிலுக்குப் புள்ளிவரி கொடுத்துப் பழகிய சமூகத்துக்கு இது புதிதல்ல. இரண்டாவது, வீட்டை அளந்து வரைபடம் போட்டு வைப்பது. எந்தச் சுவர் எடை தாங்குகிறது, தண்ணீர் எந்த வழியாக வெளியேறுகிறது என்பது தெரியாமல் ஒரு செங்கல்லும் எடுக்கக் கூடாது. மூன்றாவது, ஊரிலேயே இருக்கும் ஒருவரிடம், பங்காளியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சாவியையும் சிறு செலவுக்கு அதிகாரத்தையும் கொடுப்பது.

அவர் செய்ய வேண்டிய வேலை பெரிதல்ல. புரட்டாசி முடிவதற்குள் ஓட்டுக்கூரையில் ஆளை ஏற்றி உடைந்த ஓட்டை மாற்றுவது, தகரக் கால்வாயில் அடைந்த ஆலங்கன்றைப் பிடுங்குவது, வளவின் வடிகாலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பின்தெருவில் வருகிறதா என்று பார்ப்பது. கன்று விரல் பருமனில் இருக்கும்போதே பிடுங்கினால் கூலி சில நூறு ரூபாயோடு போகும். வேர் சுவருக்குள் இறங்கிவிட்டால், அந்தச் சுவரைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.